மிதவாதி நின்றால் எந்த மாநிலம் மாறும்? அமெரிக்க அதிபர் தேர்தலின் ஓட்டுக் கணக்கு

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மறுநாளே தோற்ற கட்சிக்குள் சண்டை தொடங்கிவிடும். "கொஞ்சம் மிதமான ஆளை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்போம்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "அப்படி ஒருவரை நிறுத்தினால் நம் ஆட்களே ஓட்டுப் போட வரமாட்டார்கள்" என்று இன்னொரு சாரார் மடக்குவார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் மிதவாதி வேண்டுமா வேண்டாமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த விஷயத்தில் மிதவாதம், அதனால் யாருடைய ஓட்டு வரும், யாருடைய ஓட்டு போகும், அவர்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காரணம், அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாட்டின் மொத்த ஓட்டு இல்லை.

முதலில் 538

ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் கீழவை உறுப்பினர்கள், இரண்டு செனட்டர்கள் ஆகியோரின் கூட்டுத்தொகை எவ்வளவோ அத்தனை தேர்வாளர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) உண்டு. கலிபோர்னியாவுக்கு இப்போது 54, வயோமிங்குக்கு 3. தலைநகர் வாஷிங்டனின் 3 பேரையும் சேர்த்தால் மொத்தம் 538. அதில் 270 பேரைப் பிடிப்பவர் அதிபர்.

48 மாநிலங்களிலும் தலைநகரிலும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போவார்கள். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் விலக்கு. அங்கே மாநில அளவில் முந்தியவருக்கு 2, மீதி ஒவ்வொன்றும் கீழவைத் தொகுதிவாரியாக.

இதனால் என்ன ஆகிறது? 2020-இல் கலிபோர்னியாவை ஜோ பைடன் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஒரே ஒரு ஓட்டில் வென்றிருந்தாலும் அவருக்கு அன்றைக்கு அதே 55 தேர்வாளர்கள்தான். மறுபக்கம், 2000-இல் புளோரிடாவை ஜார்ஜ் புஷ் 537 ஓட்டில் வென்றார். 25 தேர்வாளர்களும் அவர் பக்கம் போனார்கள்; அதிபர் பதவியும் அவருக்கே கிடைத்தது. ஆகவே ஒரு மிதவாதி நாடு முழுக்க எத்தனை ஓட்டுக் கூடுதலாக வாங்குவார் என்பது பாதிக் கேள்விதான். நூலிழையில் நிற்கும் ஐந்தாறு மாநிலங்களில் எத்தனை வாங்குவார் என்பதே மீதி.

நூற்றுக்கு ஒருவர்

2024-ஐ எடுத்துக்கொள்வோம். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்த தேர்தல் அது. முடிவு: குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்ப் 312, ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸ் 226. பார்த்தால் பெரிய தோல்வி போலத் தெரியும். ஆனால் மாநில வித்தியாசங்களைச் சிறியதிலிருந்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். விஸ்கான்சினில் டிரம்ப் முந்தியது 0.9 சதவீதப் புள்ளி, மிச்சிகனில் 1.4, பென்சில்வேனியாவில் 1.7, ஜார்ஜியாவில் 2.2, நெவாடாவில் 3.1, வட கரோலினாவில் 3.2, அரிசோனாவில் 5.5.

ஹாரிஸ் இன்னும் மிதமானவராகத் தெரிந்து, டிரம்புக்குப் போட்டவர்களில் சிலர் இந்தப் பக்கம் வந்திருந்தால்? எல்லா மாநிலத்திலும் ஓட்டுப் போட்ட நூறு பேரில் ஒருவர் மட்டும் மாறினார் என்று வைப்போம். இங்கேதான் பலர் முதல் தப்பைச் செய்கிறார்கள். ஒருவர் கட்சி மாறினால் வித்தியாசம் 1 புள்ளி குறையாது, 2 புள்ளி குறையும். அங்கே ஒன்று கழிகிறது, இங்கே ஒன்று கூடுகிறது. ஆக 2 புள்ளிக்குக் கீழே இருந்த விஸ்கான்சின் (10), மிச்சிகன் (15), பென்சில்வேனியா (19) மூன்றும் கைமாறும். 226-உடன் 44-ஐக் கூட்டுங்கள். மிகச் சரியாக 270. டிரம்ப் 268-இல் நின்றுவிடுவார். ஜார்ஜியா 0.2 புள்ளியில் அவரிடமே தங்கும். அதனால் ஒன்றும் மாறாது.

ஆட்களின் எண்ணிக்கையில் சொன்னால், அந்த மூன்று மாநிலங்களில் வித்தியாசம் முறையே 29,397, 80,103, 120,266. ஒவ்வொன்றிலும் பாதிக்கு ஒருவர் அதிகமாகக் கட்சி மாறினால் போதும். மூன்றும் சேர்த்து சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் பேர். நாட்டில் அன்று ஓட்டுப் போட்டவர்கள் 15 கோடிக்கும் மேல்.

மிதவாதம் பற்றிய விவாதம் இவ்வளவு சூடாக நடப்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான். பெரிய அலை எதுவும் தேவையில்லை. 1 சதவீதம் போதும். ஆனால் இதே 1 சதவீதக் கணக்கைப் புரட்டிப் போட்டு எதிர்த்தரப்பும் பேசலாம். அதற்குப் பின்னால் வருவோம்.

நடுவில் நிற்பவர் யார்?

மிதவாதிக்கு ஓட்டு அதிகம் என்ற எண்ணத்துக்கு ஒரு கோட்பாடு பின்னால் இருக்கிறது. டங்கன் பிளாக் 1948-லும் ஆண்டனி டவுன்ஸ் 1957-லும் முன்வைத்தது அது. வாக்காளர்களை இடதுகோடியிலிருந்து வலதுகோடி வரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். இரண்டே வேட்பாளர்கள், ஒவ்வொருவரும் தமக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே போடுவார்கள் என்றால், வரிசையின் சரிநடுவில் நிற்கும் ஆளைப் பிடிப்பவர் ஜெயிப்பார். தீவிரமாகப் பேசி ஓரத்துக்குப் போனவர் நடுவைப் பறிகொடுப்பார்.

கோட்பாடு அழகுதான். அமெரிக்காவுக்குப் பொருத்தும்போது ஒரு திருத்தம் தேவை. நாட்டின் நடு வாக்காளர் யார் என்பது அங்கே முக்கியமில்லை. முடிவைத் தீர்மானிக்கும் மாநிலத்தின் நடு வாக்காளர் யார் என்பதே முக்கியம். அந்த மாநிலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வென்றவரின் மாநிலங்களை மிகப் பெரிய வித்தியாசத்திலிருந்து கீழே இறங்கி வரிசைப்படுத்தி, தேர்வாளர்களைக் கூட்டிக்கொண்டே வந்தால், 270-ஐத் தொடும் இடத்தில் நிற்கும் மாநிலம்தான் அது. 2024-இல் பென்சில்வேனியா. 2020-இல் விஸ்கான்சின்.

2020-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பைடன் நாடு முழுக்க 4.5 புள்ளி, 70 லட்சம் ஓட்டு முன்னிலை. விஸ்கான்சினில் 0.6 புள்ளிதான். ஜார்ஜியாவில் 11,779, அரிசோனாவில் 10,457, விஸ்கான்சினில் 20,682. இந்த 43 ஆயிரம் ஓட்டு வித்தியாசம் கவிழ்ந்திருந்தால் இருவருக்கும் 269. முடிவு கீழவைக்குப் போயிருக்கும். ஆகவே அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி பிடிக்க வேண்டியிருந்த நடு வாக்காளர், நாட்டின் நடு வாக்காளரைவிட ஏறக்குறைய 4 புள்ளி வலப்பக்கம் தள்ளி நின்றார். அவர்கள் கட்சியில் மிதவாதி வேண்டும் என்ற குரல் ஓங்கியதற்கு இது ஒரு காரணம். 2024-இல் இந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது: பென்சில்வேனியா 1.7, நாடு 1.5. ஒரு தேர்தலில் கற்ற பாடத்தை அப்படியே அடுத்த தேர்தலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி.

மிதவாதத்துக்கு எத்தனை புள்ளி?

ஓரத்துக்குப் போனவர்கள் அடி வாங்கியதற்கு எல்லோரும் இரண்டு தேர்தல்களைக் காட்டுவார்கள். 1964-இல் குடியரசுக் கட்சி, நெல்சன் ராக்பெல்லர் போன்ற மிதவாதிகளை ஒதுக்கிவிட்டு பேரி கோல்ட்வாட்டரை நிறுத்தியது. அவருக்குக் கிடைத்தது 38.5 சதவீதம், சொந்த மாநிலமான அரிசோனாவும் தெற்கே ஐந்து மாநிலங்களும் மட்டும். 1972-இல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 37.5 சதவீதம், மாசசூசெட்ஸும் தலைநகரும் மட்டும். ஆனால் இரண்டுமே, பதவியிலிருக்கும் அதிபர் நல்ல பொருளாதாரத்தோடு நின்ற தேர்தல்கள். தோல்வியில் எவ்வளவு தீவிரத்தால் வந்தது, எவ்வளவு காலத்தால் வந்தது என்று பிரிப்பது கடினம். யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். இவ்வளவு மோசமாகத் தோற்றிருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதாரணங்கள் குறைவு. அதனால் ஆய்வாளர்கள் கீழவைத் தேர்தல்களுக்குப் போனார்கள். ஆண்ட்ரூ ஹால் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, உட்கட்சித் தேர்தலில் தீவிர நிலைப்பாடுள்ள ஒருவரும் ஒரு மிதவாதியும் மயிரிழை வித்தியாசத்தில் மோதிய தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே தீவிரமானவர் வென்று வேட்பாளரானால், பொதுத் தேர்தலில் கட்சியின் ஓட்டு 9 முதல் 13 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆய்வுக்காலம் 1980 முதல் 2010 வரை.

இந்த எண்ணை அதிபர் தேர்தலில் போட்டால் தப்பு. அதிபர் வேட்பாளரைப் பற்றி வாக்காளருக்கு ஏற்கெனவே ஆயிரம் விஷயம் தெரியும். கட்சிச் சின்னத்தைப் பார்த்துப் போடும் பழக்கமும் இப்போது மிக இறுகிவிட்டது. 2016-இல் செனட் தேர்தல் நடந்த 34 மாநிலங்களிலும், அதிபருக்கு எந்தக் கட்சியோ செனட்டுக்கும் அதே கட்சிதான் வென்றது. வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2020-இல் விலகி நின்றது மெய்ன் மட்டும்: பைடன் 9 புள்ளியில் வென்ற மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் மிதவாதி சூசன் காலின்ஸ் 8 புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் செனட்டரானார். இப்படிப்பட்டவர்கள் இப்போது அபூர்வம்.

வேட்பாளர் யார் என்பதற்கு இன்னும் விலை உண்டு என்று காட்டும் நல்ல இடம் ஜார்ஜியா. 2022 நவம்பரில் ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு, ஒரே குடியரசுக் கட்சி. ஆளுநர் பிரையன் கெம்ப் 21 லட்சத்து 11 ஆயிரம் ஓட்டு வாங்கி 7 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். செனட்டுக்கு நின்ற ஹெர்ஷல் வாக்கருக்கு 19 லட்சத்து 8 ஆயிரம். டிசம்பரில் நடந்த மறுசுற்றில் தோற்றார். கெம்புக்கு விழுந்து வாக்கருக்கு விழாத அந்த 2 லட்சம் ஓட்டு எங்கே போனது என்பதுதான் கேள்வி. பென்சில்வேனியாவிலும் அதே ஆண்டு இதே கதை: ஆளுநர் பதவிக்கு நின்ற டக் மாஸ்ட்ரியானோ ஏறக்குறைய 15 புள்ளியில் தோற்க, அதே கட்சியின் செனட் வேட்பாளர் மெஹ்மெட் ஓஸ் 5 புள்ளியில் தோற்றார்.

கெம்ப் கொள்கையில் மிதவாதியா என்றால், இல்லவே இல்லை. 2019-இல் கடுமையான கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். ஆனால் 2020 முடிவை மாற்றச் சொன்ன அழுத்தத்துக்கு வளையவில்லை. வாக்காளர் மனதில் "பதற்றமில்லாத ஆள்" என்ற பெயர் எதனால் வருகிறது என்பதைக் கொள்கைப் பட்டியலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எதில் மிதவாதம்?

இந்த விஷயத்தில் அதிகம் சறுக்குவது இங்கேதான். இடது, வலது என்ற ஒற்றைக் கோடு வசதிக்காகப் போட்டது. உண்மையில் குறைந்தது இரண்டு கோடுகள் இருக்கின்றன: ஓய்வூதியம், மருத்துவம், வரி, வணிகம் ஒன்று, குடியேற்றம், கருக்கலைப்பு, துப்பாக்கி, மதம் இன்னொன்று. ஒருவர் முதலாவதில் நடுவுக்கு வந்துவிட்டு இரண்டாவதில் ஓரத்துக்குப் போகலாம்.

2012-இல் குடியரசுக் கட்சி நிறுத்திய மிட் ராம்னி, நடையுடை பேச்சில் மிதமானவர். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவர். பொருளாதாரத்தில் கட்சியின் வழக்கமான வலப்பாதை. அவருடைய துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரை மாற்றியமைக்கும் திட்டத்துக்குப் பெயர் போனவர். 2016-இல் டிரம்ப் குடியேற்றத்தில் கடும் வலதுக்குப் போனார். ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்திலும் மெடிகேரிலும் கை வைக்க மாட்டேன் என்றார். வணிக ஒப்பந்தங்களை எதிர்த்தார். பொருளாதாரக் கோட்டில் அவர் ராம்னியைவிட நடுவுக்கு வந்தார்.

விளைவை மாநிலவாரியாகப் பாருங்கள். நாட்டளவில் 2012-க்கும் 2016-க்கும் இடையே மாற்றம் 2 புள்ளிகூட இல்லை: ஒபாமா 3.9 முன்னிலை, ஹிலாரி கிளின்டன் 2.1 முன்னிலை. அடியில் நடந்தது வேறு. அயோவா 15 புள்ளி டிரம்ப் பக்கம் சாய்ந்தது. ஓஹையோ 11. மிச்சிகன் 9-க்கும் மேல். அதே நேரத்தில் கலிபோர்னியா 7 புள்ளி எதிர்ப்பக்கம் போனது. டெக்சாஸ் ஏறக்குறைய 7, அரிசோனா 5-க்கும் மேல், ஜார்ஜியா 3-க்குச் சற்றுக் குறைவு. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) 1936-க்குப் பிறகு முதல்முறையாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டது.

இழந்த ஓட்டுகள் தேர்வாளர்களை மாற்றாத மாநிலங்களில் இருந்தன. வந்த ஓட்டுகள் மாற்றும் மாநிலங்களில் இருந்தன. 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுக் குறைவாக வாங்கியும் டிரம்ப் அதிபரானது இதனால்தான். மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 ஓட்டு முன்னிலை. மூன்றையும் கூட்டினால் 77,744.

ஒரே மாநிலத்துக்குள்ளும் இந்த இருமுனை இழுப்பு நடக்கும். விஸ்கான்சினில் மில்வாக்கி நகரை ஒட்டிய வாகிஷா கவுன்டி, படித்த வசதியான குடியரசுக் கட்சிக்காரர்களின் கோட்டை. ராம்னிக்கு அங்கே 67 சதவீதம். 2020-இல் டிரம்புக்குச் சுமார் 60. ராம்னி போன்ற மிதவாதி நின்றால் வாகிஷா திரும்பி வரும். ஆனால் மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள சிறு நகரங்கள், கிராமங்கள் கைவிட்டுப் போகும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் 2012-இல் விஸ்கான்சினை ராம்னி தோற்றார், 2016-இல் டிரம்ப் வென்றார். புறநகர் மிதவாதியால் ஜார்ஜியாவும் அரிசோனாவும் பலன் தரலாம். பொருளாதார மிதவாதியால் விஸ்கான்சினும் மிச்சிகனும் பலன் தரலாம். இரண்டும் ஒரே ஆளாக அமைவது கடினம்.

போகும் ஓட்டு

நூறு பேர் கணக்குக்குத் திரும்புவோம். எதிராளி 50, நீங்கள் 49, உதிரி 1. மிதவாதியை நிறுத்துகிறீர்கள், எதிராளியிடமிருந்து ஒருவர் வருகிறார். நீங்கள் 50, அவர் 49. வெற்றி. ஆனால் உங்கள் ஆட்களில் இரண்டு பேர் "இவருக்கா போடுவது" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் நீங்கள் 48, அவர் 49. பழைய நிலைதான். கட்சி மாறும் ஒரு ஓட்டு, வராமல் போகும் இரண்டு ஓட்டுக்குச் சமம். மிதவாதத்தின் பலத்துக்கு அடிப்படை இந்த இரட்டிப்புதான். ஆனால் இரண்டுக்கு மேல் போனால் நஷ்டம்.

வீட்டில் இருப்பதற்குப் பதில் மூன்றாமவருக்குப் போடுவதும் உண்டு. 2000-இல் ஆல் கோர் நடுப்பாதைக்காரர். துணை அதிபராக ஜோ லீபர்மேன் என்ற இன்னொரு மிதவாதியைச் சேர்த்துக்கொண்டார். இடப்பக்கம் காலியான இடத்தில் ரால்ஃப் நேடர் நின்றார். 537 ஓட்டில் கைவிட்டுப் போன புளோரிடாவில் நேடருக்கு 97,488 ஓட்டு. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது நியூ ஹாம்ப்ஷயர்: அங்கே புஷ் 7,211 ஓட்டில் வென்றார், நேடருக்கு 22 ஆயிரம். அதன் 4 தேர்வாளர்கள் மட்டும் கோருக்கு வந்திருந்தாலும், புளோரிடாவே இல்லாமல் அவர் அதிபர்.

இப்படிக் கணக்குப் போடும்போது ஒரு கள்ளத்தனம் நடக்கும். 2016-இல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு மிச்சிகனில் 51 ஆயிரம், விஸ்கான்சினில் 31 ஆயிரம், பென்சில்வேனியாவில் 50 ஆயிரம் ஓட்டு. மூன்றுமே டிரம்பின் முன்னிலையைவிட அதிகம் என்று காட்டுவார்கள். எண் சரிதான். ஆனால் அதே மூன்று மாநிலங்களில் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் இதைப்போல் சுமார் மூன்று மடங்கு வாங்கினார். அதில் கணிசமான பகுதி வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்குப் போகும் ஓட்டு. ஒருவரைக் கணக்கிலிருந்து எடுத்தால் இன்னொருவரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலும் மூன்றாமவருக்குப் போட்டவர்களில் பலர், அவர் இல்லாவிட்டால் வாக்குச்சாவடிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

சுயேச்சை மிதவாதி

இரண்டு கட்சியும் வேண்டாம், நடுவில் ஒருவர் தனியாக நிற்கட்டும் என்ற யோசனை அடிக்கடி எழும். 1992-இல் ரோஸ் பெரோ அதைச் செய்து காட்டினார்: 18.9 சதவீதம், ஏறக்குறைய 2 கோடி ஓட்டு. தேர்வாளர்கள்? பூஜ்யம். மெய்னிலும் யூட்டாவிலும் இரண்டாம் இடம் வந்ததே அதிகபட்சம். 1968-இல் மூன்றாமவராக நின்ற ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம்தான் வாங்கினார். தெற்கே ஐந்து மாநிலங்களையும் 46 தேர்வாளர்களையும் பிடித்தார். காரணம் எளிது. வாலஸின் ஓட்டு ஒரு வட்டாரத்தில் குவிந்திருந்தது. நடுநிலை ஓட்டு எந்த வட்டாரத்திலும் குவியாது; எல்லா ஊரிலும் சமமாகத் தூவிக் கிடக்கும். மாநிலத்தில் முதலிடம் பிடித்தால்தான் தேர்வாளர் என்ற விதியில் அதற்கு மதிப்பில்லை.

யூட்டா 2016-இல் இதற்கு நேர்மாறாக ஆகியிருக்கலாம். டிரம்பைப் பிடிக்காத மார்மன் வாக்காளர்களைக் குறிவைத்து அதே மதத்தைச் சேர்ந்த எவன் மெக்மல்லின் சுயேச்சையாக நின்றார். 21.5 சதவீதம் வாங்கினார். ராம்னி 2012-இல் 70-க்கு மேல் வாங்கிய மாநிலத்தில் டிரம்ப் 45.5-க்கு இறங்கினார். ஆனாலும் மீதி ஓட்டு மெக்மல்லினுக்கும் கிளின்டனுக்கும் பிரிந்ததால் 6 தேர்வாளர்களும் டிரம்புக்கே.

ஒருவேளை சுயேச்சை ஒன்றிரண்டு மாநிலங்களைப் பிடித்து யாருக்கும் 270 கிடைக்காமல் போனால்? அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி முதல் மூவரில் ஒருவரைக் கீழவை தேர்ந்தெடுக்கும். அதுவும் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 26 மாநிலம் வேண்டும். கீழவையில் இருப்பதெல்லாம் இரண்டு கட்சிக்காரர்கள். நடுவில் நின்ற சுயேச்சைக்கு அங்கே யார் போடுவார்கள்? 2024-க்கு ஒரு நடுப்பாதைக் கூட்டணியை நிறுத்த முயன்ற நோ லேபிள்ஸ் அமைப்பு, பொருத்தமான வேட்பாளர் கிடைக்காமல் ஏப்ரலிலேயே கைவிட்டது. புத்திசாலித்தனமான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

முதல் வாசல்

பொதுத் தேர்தலில் நன்றாக ஓடக்கூடிய மிதவாதி, அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள் குறைவு, ஈடுபாடு அதிகம். பென்சில்வேனியா, புளோரிடா, நியூயார்க் போன்ற இடங்களில் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே போடலாம். மிதவாதியை விரும்பும் கட்சி சாராத வாக்காளருக்கு அங்கே கதவு மூடியிருக்கும்.

விதிகளும் வேறுபடும். 2016-இல் தென் கரோலினா குடியரசுக் கட்சித் தேர்தலில் டிரம்புக்கு 32.5 சதவீதம், மார்கோ ரூபியோவும் டெட் க்ரூஸும் தலா 22 சொச்சம். ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே. எதிர் ஓட்டு பிரிந்துகொண்டே இருந்தது. அந்தத் தேர்தலின் மிதவாதி ஜான் கேசிக் கடைசிவரை நின்று, தான் ஆளுநராக இருந்த ஓஹையோவை மட்டும் வென்றார். 2020-இல் ஜனநாயகக் கட்சியில் நடந்தது தலைகீழ். 14 மாநிலங்கள் ஓட்டுப் போடும் மார்ச் 3-க்கு முந்தைய நாள் போட்டியிலிருந்து விலகிய மிதவாதிகள் பீட் புட்டிஜெஜும் ஏமி க்ளோபுஷாரும் பைடனை ஆதரித்தார்கள். மறுநாள் அவர் 10 மாநிலங்களை வென்றார். மிதவாதிகள் தோற்பதற்கும் ஜெயிப்பதற்கும் பல நேரங்களில் காரணம் மிதவாதம் இல்லை, யார் எப்போது விலகுகிறார் என்பதுதான்.

நீங்களே கணக்குப் போடும்போது

கடந்த தேர்தலின் மாநில வித்தியாசங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் தேர்வாளர் எண்ணிக்கையைப் போடுங்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் உள்ளவற்றை அடித்துவிடலாம். கட்சி மாறுபவர்களின் சதவீதத்தை இரண்டால் பெருக்கி, வராமல் போகும் சொந்த ஆட்களின் சதவீதத்தைக் கழியுங்கள். வருவது நிகர நகர்வு. அதை எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் போடாமல், புறநகர் அதிகமுள்ள மாநிலத்துக்கு ஓர் எண், தொழிற்சாலை ஊர்கள் அதிகமுள்ள மாநிலத்துக்கு ஓர் எண் என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நகர்வு 1 புள்ளி, 2, 3 என்று மாற்றி மாற்றிப் போட்டால், எந்த இடத்தில் முடிவு புரள்கிறது என்று தெரியும்.

கருத்துக்கணிப்பை நம்பி நகர்வு எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2016-இல் கிளின்டனுக்கு எதிராக கேசிக்கை நிறுத்திக் கேட்ட கணிப்புகளில் அவர் வசதியாக முந்தினார். அதுவரை அவர்மீது யாரும் பெரிய அளவில் எதிர் விளம்பரம் செய்திருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியாத மிதவாதிமீது வாக்காளர் தம் விருப்பத்தை ஏற்றிப் பார்ப்பார். வேட்பாளரானதும் கட்சிச் சின்னம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆளுநராக எதிர்க்கட்சிக் கோட்டையில் வென்றவர் அதிபர் தேர்தலிலும் அதைப் பிடிப்பார் என்ற எதிர்பார்ப்பும் ஏமாற்றும். மேரிலாந்தில் லாரி ஹோகன் குடியரசுக் கட்சி ஆளுநராக 2014, 2018 இரண்டு முறை வென்றார். 2024-இல் அதே மாநிலத்தில் செனட்டுக்கு நின்று 11 புள்ளிக்கும் மேல் தோற்றார். மொன்டானாவின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் புல்லாக் 2020-இல் செனட்டுக்கு நின்று 10 புள்ளியில் தோற்றார். சாலை, பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள எதிர்க்கட்சி மிதவாதியை ஏற்பவர்கள், வாஷிங்டனில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்று வரும்போது ஏற்பதில்லை. சொந்த மாநிலம் என்ற சலுகையும் அப்படித்தான்: ராம்னிக்கு மாசசூசெட்ஸில் 37.5 சதவீதம்தான் கிடைத்தது. கோர் தன் சொந்த டென்னசியை இழந்தார். அதன் 11 தேர்வாளர்கள் இருந்திருந்தால் புளோரிடா மறுஎண்ணிக்கைக்கு அவசியமே இருந்திருக்காது.

தாளில் போடும் தேர்வாளர் எண்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2020 வரைக்கும் பென்சில்வேனியாவுக்கு 20, மிச்சிகனுக்கு 16. பழைய பட்டியலை வைத்து 2024-ஐக் கணக்கிட்டால் மேலே பார்த்த 270 வராது; ஹாரிஸின் 226-உம் 227 ஆகி, 273 வந்து நிற்கும். இப்போதைய எண்கள் 2028-க்கும் செல்லும். 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, 2032-லிருந்து புதுப் பட்டியல்.